உம்மாவும் வாடகைக் காரும்

காலிக் கோட்டைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று உம்மா சொல்லத் தொடங்கி எட்டு வருடங்கள். ஒவ்வொரு பெருநாள் முடிந்ததும் “இந்த முறை கட்டாயம் போவோம்” என்பேன். பிறகு வேலை வரும், மழை வரும். 2020 இல் கொரோனா வந்தது. 2022 இல் பெற்றோல் வரிசை வந்தது. சாட்டுகளுக்கு எனக்குப் பஞ்சமே இருக்கவில்லை. 2024 இல் உம்மாவுக்கு 78 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்து போயிருந்தன. இனியும் பின்போட்டால் போகவே கிடைக்காது என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

வாகனம்தான் முதல் பிரச்சினை. தெஹிவளை வீட்டில் எங்களிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும். சாரதி இல்லாமல் கார் வாடகைக்குத் தரும் இடமொன்றை மகன் விசாரித்துவிட்டு வந்தான். 2011 இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில், கொட்டாவையில் ஏறினால் பின்னதூவையில் இறங்க ஒரு மணித்தியாலம் போதும்.

“வாப்பும்மாவை இந்த வாசலில் ஏற்றி அந்த வீட்டு வாசலில் இறக்கலாம். பகல் சாப்பாட்டுக்குத் திரும்பியும் வந்துவிடலாம்” என்றான்.

கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால், பிடித்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். உம்மாவின் ஆசையை அரை நாளில் தீர்த்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருக்கலாம் அல்லவா?

மூலைக் கதிரையில் தஸ்பீஹ் உருட்டிக் கொண்டிருந்த உம்மா தலையைத் தூக்கினார்.

“அண்டைக்கும் என்னை மூடித்தான் ஏத்திக் கொண்டு போன. இண்டைக்கும் மூடித்தான் கொண்டு போகப் போறியா மகன்?”

‘அண்டைக்கு’ என்றால் 1964. உம்மா கல்யாணமாகிக் கோட்டையை விட்டு வந்த நாள். காரின் நாலு பக்கக் கண்ணாடிக்கும் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்களாம். பத்து வயது வரை ஓதப்பள்ளிக்கு ஓடித் திரிந்த வீதிகள், பெரிய பிள்ளையானதோடு அவருக்கு மூடப்பட்டுவிட்டன. பிறகு சன்னல் பலகையின் இடுக்கால் தெரிந்ததுதான் வீதி. அந்த நாளில் எங்கள் குடும்பங்களில் அதுதான் வழக்கம். உம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. “எனக்கு அதுக்குள்ள நடக்கோணும்” என்று மட்டும் சொன்னார்.

யோசித்துப் பார்த்தபோது, கோட்டைக்குள் கார் எதற்கு என்று எனக்கும் தோன்றியது. போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1640 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர், மதிலுக்குள் போட்ட வீதிகள் மனிதக் காலுக்கும் மாட்டு வண்டிக்கும் போட்ட வீதிகள். அந்த ஒடுக்கத்தில் காரை நிறுத்த இடம் தேடியே பாதி நேரம் போய்விடும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தால், நல்ல காலுள்ளவனுக்குப் பதினைந்து நிமிடம்கூட எடுக்காது. காருக்குத் தேவை கொழும்புக்கும் காலிக்கும் இடையில். உம்மாவுக்குத் தேவையாக இருந்ததோ மதிலுக்கு உள்ளே. இடைவெளியைக் கடக்க 1894 முதல் ரயில் இருக்கிறது.

அப்படியாக, மதில் உடைக்கப்பட்டு நூற்றைம்பது வருடமாகியும் பெயரில் மட்டும் கோட்டையாக நிற்கும் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி, மதிலோடு நிற்கும் கோட்டைக்குப் போனோம். காலியில் இறங்கி ஒரு த்ரீவீல் பிடித்தோம். பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் தாண்டும்போது உம்மா ஏதோ ஓதினார். 2004 டிசம்பர் 26 இல் கடல் அள்ளிக் கொண்டு போன இடங்கள் அவை. மதில்தான் அன்று உள்ளே இருந்தவர்களைக் காத்தது.

1873 இல் மதிலை வெட்டித் திறந்த புதிய வாசலால் நுழைந்ததும் உம்மா த்ரீவீலை நிறுத்தச் சொன்னார். என் கையைப் பிடித்துக் கொண்டு நடந்தார். மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். ஒரு தடவை கடைக்காரப் பெண்ணொருத்தி கதிரை கொண்டுவந்து போட்டாள். லெயின்பான் வீதியில், 2003 இல் மாமாமார் விற்ற வீடு இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த இளைஞன் மரியாதையோடு உள்ளே வரச் சொன்னான். உம்மா அசையவில்லை.

“உள்ளுக்கு எனக்குத் தெரியும் மகன். வெளியதான் பாக்கோணும்.”

வீதியின் எதிர்ப்பக்கம் நின்று அந்த வீட்டை நீண்ட நேரம் பார்த்தார். மரத்தூண்கள், ஓட்டுத் தாழ்வாரம், சன்னல். பத்து வயதுக்குப் பிறகு அதன் முகத்தை அவர் கண்டது அன்றுதான். சன்னல் எவ்வளவு சின்னது என்று மட்டும் சொன்னார்.

ளுஹருக்கு மீரான் ஜும்ஆப் பள்ளிக்குப் போனேன். தூரத்தில் பார்த்தால் தேவாலயம் போல இருக்கும் வெள்ளைப் பள்ளி. உம்மா எதிரே வெளிச்சவீட்டுப் பக்கம், மதிலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்துக் கொண்டிருந்தார். இளமையில் இரவெல்லாம் காதால் கேட்ட கடல்.

திரும்பும்போது கால் இழுத்தது. த்ரீவீல் ஏறினோம். உம்மா பழைய வாசலால் போகச் சொன்னார். ஒல்லாந்தக் கொம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் உட்பக்கம் பொறித்த வாசல் அது. பண்டகசாலைக்கு அடியால் போகும் நீண்ட இருட்டு வழி. அதற்குச் சற்று முன்னால் இறங்கிக் கொண்டார்.

“புதா, நீங்க முன்னால போங்க” என்று சாரதியிடம் சிங்களத்தில் சொன்னார்.

த்ரீவீல் உள்ளே நுழைந்தது. எஞ்சின் சத்தம் கூரைக்கு அடியில் அடைபட்டு முழங்கியது. பிறகு வெளியே போய் மெலிந்து பரந்தது.

“இதுதான்” என்றார் உம்மா. “துணிக்குள்ள இருந்து இந்தச் சத்தத்தத்தான் கேட்டேன். அது மாறினதும் கோட்டை முடிஞ்சி போச்சு எண்டு தெரிஞ்சிச்சு. அப்பதான் அழுதேன்.”

அறுபது வருடம் அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. நாங்கள் யாரும் கேட்டதுமில்லை. காரில் ஏற்றிப் போயிருந்தால் அன்றும் கேட்டிருக்க மாட்டேன்.

இரவு முழங்கால்கள் வீங்கிவிட்டன. தைலம் தேய்த்துவிட்டேன். “நான் அப்பவே கார் எண்டு சொன்னேனே” என்றான் மகன். உம்மா கோபிக்கவில்லை.

“அடுத்த முறை கார் எடுங்க. பாக்க வேண்டியத நான் நடந்து பாத்திட்டேன்.”