வாடிய கீரையும் புது பேட்டரியும்

திருப்போரூர்க் கீரை விவசாயி ஒருவர் மயிலாப்பூரில் பாதிக் கட்டுகளை இறக்கிவிட்டு அடையாறுக்குக் கிளம்பினார். பிக்கப்பில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' மட்டும். பேட்டரிக் கடை திறக்கும்வரை வெயிலில் காத்திருந்ததில் மீதிக் கீரை வாடிவிட்டது.

கடைக்காரர் விலை குறைந்த சின்ன பேட்டரியைக் காட்டினார். "பழையதுல எத்தனை ஏ.எச். போட்டிருக்கு, பாருங்க" என்றார் மனைவி. அதே 12 வோல்ட், அதே ஏ.எச்., பிளஸ் முனை அதே பக்கம், அண்மைத் தயாரிப்புத் தேதி என்று பார்த்து வாங்கினார்கள். பழையதைக் கொடுத்ததால் விலையும் குறைந்தது.

கழற்றும்போது மைனஸ் முதலில். அப்போதுதான் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மாட்டும்போது மைனஸ் கடைசியில். என்ஜின் ஓடுகையில் மீட்டர் 14 வோல்ட் காட்டியது, ஆல்டர்னேட்டர் சரி.

வாடிய கீரை மாட்டுக்குப் போனது. "மூணு நாளா ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துத்தான் சுத்துச்சு. அன்னைக்கே பார்த்திருக்கணும்" என்றார் அவர்.