பட்டன் மேலே வந்திருந்ததா?

திருச்சுழி ரோட்டில் என் கார் மூன்றாவது தடவையாக நின்றபோது மணி பதினொன்று. சித்திரை வெயில். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், தூரத்தில் ஒரு கரிமூட்டத்தின் புகை. நிழல் என்று சொல்ல காரின் நிழல்தான். முதல் இரண்டு தடவையும் செய்ததையே செய்தேன். டிரைவர் கால் வைக்கும் இடத்தில், பக்கவாட்டுத் தகட்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்னப் பட்டனைத் தடவிப் பிடித்து அமுக்கினேன். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகிவிட்டது.

இப்படியே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்று அருப்புக்கோட்டைக்கே திருப்பினேன். எனக்குத் தெரிந்த பூ வியாபாரி ஒருவர் ஒரு ஷெட்டைக் கை காட்டினார். வேப்பமரம், மேலே தகரக் கொட்டகை, வாசலில் பழைய பேட்டரிகள். கார் எலக்ட்ரீசியனுக்கு ஐம்பது வயது இருக்கும். கூட ஒரு பையன்.

நான் பானெட்டைத் திறக்கப் போனேன். அவர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நின்னப்ப பட்டன் மேல வந்திருந்துச்சாண்ணே?"

எனக்குத் தெரியவில்லை. "அமுக்குனீக, பாக்கல" என்று சிரித்தார்.

அந்தக் கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. பட்டன் எழும்பியிருந்தால், மோதலின்போது பெட்ரோல் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உண்மையிலேயே விழுந்திருக்கிறது. எழும்பாமலே பெட்ரோல் மோட்டார் நின்றிருந்தால் குற்றம் வேறு இடத்தில்: கப்ளரில் பச்சை பூத்திருக்கும், பின் தளர்ந்திருக்கும், ரிலே சூடேறியிருக்கும். அமுக்குகிற கை கப்ளரையும் சேர்த்து ஆட்டிவிடும், தொடர்பு வந்துவிடும். பட்டன்தான் வேலை செய்தது என்று ஓனர் நம்பிவிடுவார். அப்படி நல்ல சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போட்டவர்கள் உண்டு என்றார். வண்டி மறுபடியும் நிற்கும்.

பையனுக்குச் சொல்லிக்கொடுக்க என்று தகர டப்பாவில் அறுத்த சுவிட்ச் ஒன்று வைத்திருக்கிறார். என் உள்ளங்கையில் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே புனல் மாதிரி ஒரு குழி, குழியின் அடியில் காந்தம், காந்தம் பிடித்திருக்கும் ஓர் இரும்புக் குண்டு. அவ்வளவுதான் சூட்சுமம். வண்டி எதிலாவது மோதினால் குண்டு காந்தத்தின் பிடியை விட்டுப் புனலின் சரிவில் ஏறி மேலேயுள்ள தகட்டைத் தட்டும். மோட்டாருக்குப் போகும் கரண்ட் அறுந்துவிடும், பட்டன் எழும்பும். மேஜை விளிம்பில் தட்டிப் பார்க்கச் சொன்னார். தட்டினேன். 'டக்'. பட்டன் எழும்பி நின்றது. அமுக்கினேன், குண்டு குழிக்குள் போய் உட்கார்ந்தது. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை செய்தேன், வெட்கமில்லாமல்.

மறைமலை நகரில் 1999 முதல் தயாரான ஃபோர்டு ஐகானில்தான் இதை அவர் முதலில் பார்த்தாராம். இப்போது வரும் பல கார்களில் இந்தச் சுவிட்ச் தனியாக இல்லை. ஏர்பேக்கைப் பார்த்துக்கொள்ளும் பெட்டியே மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிடுகிறது.

என் காருக்கு வருவோம். பின்சீட்டை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டு பையனைச் சாவி போடச் சொன்னார். சீட்டுக்கு அடியிலிருந்து 'ங்ஙீ' என்று இரண்டு நொடிச் சத்தம். மோட்டாருக்கு உயிர் இருக்கிறது. பிறகு முன்பக்கம் வந்து தலையைப் பெடலுக்கு அடியில் நுழைத்து மல்லாந்து படுத்தார். சுவிட்சுக்கு வரும் பக்கமும் போகும் பக்கமும் டெஸ்ட் லைட் ஒரே மாதிரி எரிந்தது. கப்ளரைப் பிடித்து ஆட்டினார், லைட் இமைக்கவில்லை. அப்படியானால் சுவிட்சேதான்.

"தம்பி, வெளிய இருந்து தட்டு."

பையன் கதவோரத் தகட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி. பட்டன் எழும்பிவிட்டது. மோதலுக்கு விழவேண்டியது கைத்தட்டுக்கு விழுகிறது. டார்ச் அடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். இரண்டு ஸ்க்ரூவில் நிற்கவேண்டிய சுவிட்ச் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ யாரோ ஸ்பீக்கர் வயர் இழுக்கக் கழற்றிய ஸ்க்ரூ, திரும்ப மாட்டப்படவே இல்லை. குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் சுவிட்ச் போய்த் தகட்டில் மோதியிருக்கிறது.

இந்த ஊர்ப் பக்கம் குழிக்குப் பஞ்சமில்லை. கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே போட்ட தார் பாவம், கூடவே ஏறி இறங்கி அலை அலையாகிவிடும். நாற்பதில் போனாலும் வண்டி குதிக்கும்.

இதற்கு முன் வேறோர் ஊரில் காட்டியபோது, "டைரக்ட் பண்ணிரலாம் சார்" என்று சொல்லியிருந்தார்கள். சுவிட்சைத் தாண்டி ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவது, ஐந்து நிமிட வேலை. அதைச் சொன்னதும் இவர் முகம் மாறியது. எஞ்சின் நின்றால் இந்த மாதிரி வண்டியில் மோட்டாரும் தானே நின்றுவிடும், அது உண்மைதான் என்றார். ஆனால் மோதிய பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்து ஹோஸ் கிழிந்துபோனால்? பல இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நிற்கிறது. டயருக்கு நாம் அடிக்கும் 30, 32 பி.எஸ்.ஐ.யைவிட அதிகம், அந்தக் கணக்கில் 40ஐத் தாண்டும். அது சூடான சைலன்சர் குழாய் மேல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. "நான் டைரக்ட் பண்ண மாட்டேண்ணே. வேற ஷெட்டுல பண்ணிக்கிருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். தொழிலாளி 'மாட்டேன்' என்று சொல்வதைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

டப்பாவைக் கவிழ்த்து அளவான ஸ்க்ரூ ஒன்றைத் தேடுவதற்குத்தான் நேரம் பிடித்தது. வாஷர் வைத்து இரண்டையும் முறுக்கினார். பையன் மறுபடி அடித்தான், இன்னும் ஓங்கி. பட்டன் அசையவில்லை. அதோடு விடாமல் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, திருச்சுழி ரோட்டிலேயே நான் நின்ற குழி வரைக்கும் வந்தார். அதில் இரண்டு தடவை இறக்கி ஏற்றினோம். நிற்கவில்லை.

கூலி முந்நூறு ரூபாய். ஸ்க்ரூவுக்குக் காசு வாங்கவில்லை.

உங்கள் காரில் இந்தச் சுவிட்ச் உண்டா, முன்னால் கால்மாட்டிலா, டிக்கியிலா என்று கையேட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் வண்டி நின்றால் முதலில் சாவியை அணைத்துவிட்டு, பட்டன் எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். அமுக்குமுன் காருக்கு அடியிலும் குனிந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அமுக்கவே வேண்டாம்.