மார்பளவில் ஒரு பிளக் பாயின்ட்

ரங்கநாதன் தெருவில் நானூறு ரூபாய் சட்டை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். காலரைப் பிரித்து, பட்டனை இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். ஐம்பத்தைந்து லட்ச ரூபாய் வீட்டை? இருபது நிமிஷம்! அதிலும் பதினைந்து நிமிஷம் புரோக்கர் பேசிக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கரணையில் அந்தத் தரைத்தள ஃபிளாட்டை செப்டம்பர் கடைசியில், சுள்ளென்ற வெயிலில் பார்த்தோம். இரண்டு பெட்ரூம். கட்டி பதினைந்து வருஷம். பேங்க் லோன் சாங்ஷன் ஆயிற்று. டோக்கன் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கொடுத்தாயிற்று. மீதிப் பணத்துக்கு என் பி.எஃப்.பும் மனைவியின் வளையல்களும் தயாராக நின்றன. பத்திரப் பதிவு நவம்பர் கடைசி வாரம்.

"பதிவுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்த்துட்டு வர்றோம்மா" என்று ஊருக்கு போன் செய்தேன்.

"எதுக்குடா? வீடு எங்கே ஓடிடப் போவுது?"

"வீடு ஓடாதும்மா. தண்ணி ஓடி வரும்ல?"

ஒரு ராத்திரி மழை பெய்து விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை. புரோக்கருக்குச் சொல்லவில்லை. வேளச்சேரியில் பறக்கும் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தோம்.

வெயில் காலத்தில் புல் மண்டிய பொட்டல் போலத் தெரியும் சதுப்பு நிலம், மழைக்குப் பிறகு பளபளவென்று விரிந்து கிடந்தது. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரி நீர் இங்கே வந்துதான், ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் பக்கம் கடலில் சேருகிறது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். பறவைகள் அதற்கு மரியாதை கொடுக்கின்றன. ரியல் எஸ்டேட்காரர்கள் 'லேக் வியூ' என்று பெயர் கொடுக்கிறார்கள்!

மெயின் ரோடு காய்ந்திருந்தது. நாங்கள் குடிவரப் போகும் தெருவில் கணுக்கால் தண்ணீர். முனையில் இஸ்திரி வண்டி, சக்கரத்துக்கு அடியில் செங்கல் முட்டுக் கொடுத்து நின்றது.

"அண்ணே, இங்க தண்ணி நிக்குமா?"

"இதெல்லாம் தண்ணியா சார்? ஈரம்!" என்றார். பெட்டியை ஓரமாக வைத்தார். "2015 டிசம்பர்ல தோ, இவ்ளோ" - கை கழுத்தைத் தொட்டது. "2023-ல மிக்ஜாம் புயலப்போ இவ்ளோ" - இடுப்புக்கு இறங்கியது. "போட்ல வந்து கூட்டிட்டுப் போனாங்க."

வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டார். ஹாலில் பிளக் பாயின்ட் எல்லாம் மார்பளவில். அன்றைக்கு, "கொழந்தை கை வைக்காது சார், சேஃப்டி!" என்று புரோக்கர் சிலாகித்த அதே பிளக் பாயின்ட்கள். ஃபிரிட்ஜ் வைக்க முட்டி உயரத்துக்குச் சிமென்ட் மேடை. சுவரில் நாலடி வரைக்கும் பெயின்ட் ஒரு நிறம், அதற்கு மேலே இன்னொரு நிறம். மாடி வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து முடித்து வைத்தார்: "கீழ் வீட்டு டி.வி., துணிமணி எல்லாம் ரெண்டு தடவையும் எங்க வீட்லதான் இருந்துச்சு தம்பி."

முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழை வக்கீல் அலசிப் பார்த்து, 'கிளியர்' என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதில் கிரயம் இருக்கும், அடமானம் இருக்கும். தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்பது இருக்காது. அந்த வில்லங்கம் இஸ்திரிக்காரரிடம் இருக்கிறது.

வீட்டுக்காரர் போனில், "மூணு லட்சம் குறைச்சுக்கறேன்" என்றார்.

"தண்ணி வந்தா அந்த மூணு லட்சத்து மேல ஏறி நின்னுக்கலாமாங்க?" என்றாள் மனைவி. விஷயம் அதோடு முடிந்தது.

மூன்று வாரம் நடையாய் நடந்ததில் டோக்கனில் நாற்பதாயிரம் திரும்பியது. 'செலவு' என்று பத்தாயிரத்தைப் பிடித்துக்கொண்டார். வளையல்கள் கைக்கே திரும்பிவிட்டதால் எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

நீங்களும் வீடு பார்க்கிறீர்களா? பதிவுக்கு முன் இரண்டாம் தடவை போங்கள். மழை பெய்த மறுநாள் போங்கள். புரோக்கர் வேண்டாம். கசங்கின சட்டை ஒன்று மட்டும் கையில் இருக்கட்டும். அது அயர்ன் ஆகி முடிவதற்குள் தெருவின் சரித்திரம் முழுக்கத் தெரிந்துவிடும்!