மூத்தம்மாவின் கவியும் சின்ன மாமியும்

வாப்பாவின் ஓட்டோவில் ஏறினால் “சின்ன மாமியே” கேட்காமல் இறங்க முடியாது. ஒருநாள் சம்மாந்துறை தாண்டி அம்பாறைக்குப் போகும்போது, “இதப் பாடினவர் இஞ்சதான் படிச்சவர்” என்றார். நான் நம்பவில்லை. நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணம் உரும்பிராயைச் சேர்ந்தவரல்லவா?

வாப்பா சொன்னது சரிதான். 1960களில் அவர் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே கிற்றாருடன் பாடியவர். பின்னாளில் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

அவர் எடுத்துக்கொண்டது பைலாத் தாளம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்றது அது. பெயரே ‘ஆடு’ என்னும் பொருளுள்ள அவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது. மட்டக்களப்புப் பறங்கியரின் கல்யாண வீடுகளில் அந்த ஆட்டம் இன்னும் உண்டு. அந்தத் தாளத்துக்கு நித்தி வைத்த தமிழ் வீட்டுப் பேச்சுத்தான். மாமியிடம் மகளை விசாரிக்கிறார். இன்னொரு பாட்டில் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்கிறார். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் உம்மாகூட அந்த இரண்டாவது பாட்டுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

மூத்தம்மாவுக்கு நான்தான் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, “இது கவி கட்டுறாப்போலதானே இரிக்கி, மகள்” என்றா.

வயலுக்குச் சோறு கொண்டுபோன காலத்துக் கவிகள் அவவிடம் நிறைய உண்டு. மச்சானை ஏசுவது, ஏங்குவது, வரப்பில் நின்று கேலி பண்ணுவது எல்லாம் நாலு நாலு வரியில் வரும்.

“ஆரு கட்டின?”

“ஆருக்குத் தெரியும்? நம்மட பொம்புளைகள்தான்.”

நித்தியின் பாட்டுக்கு அவர் பெயர் இருக்கிறது. இவற்றைக் கட்டியவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. எனக்கு அது உறுத்தியது.

ஃபோனில் பதியப் பார்த்தேன். “என்ட குரல் அந்நிய ஆம்பிளைகள்ட காதில விழப்படா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டா. அதனால் சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். இதுவரை 31 கவிகள். சில நாட்களாக அவ ஒன்றின் தலையை இன்னொன்றின் வாலில் சேர்த்துவிடுகிறா. எது சரி என்று கேட்டால், “ரெண்டும் சரி” என்று சிரிக்கிறா.

நேற்று அஸருக்குப் பிறகு ஒரு புதுக் கவி தொடங்கினா. மூன்று வரி வந்தது. நாலாவதுக்கு வாயைத் திறந்தவ நிறுத்தி, என்னை உம்மாவின் பெயரால் கூப்பிட்டு, “சோறாக்கிட்டியா?” என்றா. நான் கொப்பியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.