எதிர் நாற்காலி

தொண்ணூறுகளில் வேலை தேடிச் சென்னைக்கு வந்த எங்களைப் போன்ற தென்மாவட்டத்துப் பையன்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்தான் வீடு. அறையில் ஒரு கட்டில் அளவு இடம் சொந்தம். அடுப்பு கிடையாது. மூன்று வேளையும் வெளியில்தான். கையில் காசு இருந்தால் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருப்போம். குறைந்தால் ரத்னா கபே. 1948இலிருந்து நடக்கிற கடை. இரண்டு இட்லி சொன்னால் அது முங்குமளவு சாம்பார் ஊற்றுவார்கள், கேட்டால் இன்னொரு தரமும் ஊற்றுவார்கள்.

அந்தச் சாம்பார் இன்றைக்கும் கிடைக்கிறது. நான் ஏங்குவது எதிர் நாற்காலிக்கு.

அப்போதெல்லாம் ஒற்றை ஆளுக்குத் தனி மேசை தரமாட்டார்கள். நாலு பேர் மேசையில் எந்த நாற்காலி காலியோ அங்கே போய், "ஆள் வர்றாங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். பக்கத்தில் கோர்ட் குமாஸ்தா, எதிரே மருந்துக் கம்பெனி ரெப், மூலையில் பார்த்தசாரதி கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர். தண்ணீர் ஜக்கை நகர்த்தித் தருவார்கள், பேப்பரில் ஒரு தாளைப் பிரித்துக் கொடுப்பார்கள். எதிரில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார், எதைச் சாப்பிடாமல் விலையை மட்டும் பார்க்கிறார் என்பது யாருக்கும் மறையாது.

என்னாலும் மறைக்க முடியவில்லை. மாதக் கடைசி. பலகையில் எழுதியிருந்ததை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு இரண்டு இட்லி சொன்னேன். எதிரே அறுபதைத் தாண்டிய ஒருவர், வெள்ளைச் சட்டைப் பையில் மூடி கழன்ற பேனா. அவர் சொல்லியிருந்த கேசரி வந்தது. முந்திரி தெரிய, நெய் மினுங்க. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"தம்பி, இதை நீங்க சாப்பிட்டுருங்க. பழக்க தோஷத்துல சொல்லிட்டேன். எனக்குச் சுகர்."

வேண்டாம் என்றேன். "வீணாப் போயிரும்ப்பா" என்றார். சாப்பிட்டேன். அவர் தோசையை முடித்து, சர்வரைக் கூப்பிட்டு, வெகு இயல்பாகச் சொன்னார்: "ஸ்ட்ராங்கா ஒரு காபி. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இட்லியைப் பார்த்துக்கொண்டேன். டபராவில் ஆற்றி ஆற்றி அந்தக் காபியை ரசித்துக் குடித்துவிட்டு, தன் பில்லை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். என் பில்லையும் கட்டியிருந்தால் நான் கூனிக்குறுகியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஊர் பேர் எதையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்கு விருந்து வைத்திருக்கிறார்கள். இத்தனை நாசூக்காக யாரும் பொய் சொன்னதில்லை.

அந்த மேசை தானாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதற்கு ஒருகாலத்தில் இங்கே சாதிக் கணக்கு இருந்தது. அதே திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957இல் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது, நாளும் ஆட்கள் கைதானார்கள், கடைசியில் சொல் போனது. முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே உட்கார்ந்து இட்லி தின்பது அப்படிப் போராடி வந்த வழக்கம்.

அதை இழக்க ஒரு போராட்டமும் தேவைப்படவில்லை. வசதி வந்தது, போதும். இப்போது வாசலிலேயே "எத்தனை பேர் சார்?" என்கிறார்கள். ஒருவர் என்றாலும் நாலு நாற்காலி மேசை முழுவதும் நமக்குத்தான். எதிரே செல்போனைச் சாய்த்து வைத்துக்கொள்கிறோம். அதுவும் சிரமம் என்றால் பார்சல் வீட்டுக்கே வருகிறது. கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 ஜூனில் ஓட்டல்கள் மறுபடி திறந்தபோது பாதி இருக்கைகளுக்குத்தான் அனுமதி. நோய் போன பிறகும் எதிர் நாற்காலி பல இடங்களில் திரும்பவில்லை. கையேந்தி பவன்களிலும் அம்மா உணவகங்களிலும் மட்டும் இன்னமும் தெரியாதவர்கள் தோளுரச நின்று சாப்பிடுகிறார்கள். இல்லாதவர்களிடம் அந்த வழக்கம் மிஞ்சியிருக்கிறது, வசதி வந்தவர்கள்தான் விட்டுவிட்டோம்.

பழைய ஓட்டல்களில் ஈ இருந்தது, ஈரத்துணி நாற்றம் இருந்தது, நாம் சாப்பிட்டு முடிக்குமுன்னே நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிற ஆள் இருந்தார். அதெல்லாம் திரும்ப வேண்டாம். அடுத்த முறை கூட்டமான ஓட்டலில் நீங்கள் தனியாக ஒரு மேசையைப் பிடித்திருந்தால், வாசலில் காத்து நிற்பவரைக் கையசைத்துக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொல்லுங்கள்.