எலும்பு சொன்ன செய்தி

பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் என் பெரியம்மா. எலும்பெல்லாம் வலி, தீராத தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல் எனத் துன்புற்றார். "காண்டா சுமந்த உடம்பு, வலிக்கத்தானே செய்யும்!" என்றனர் உறவினர். சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் வாங்கிக் கொடுத்தனர். சுங்கைப் பட்டாணியில் இரத்தத்தைச் சோதித்தபோதோ, அச்சத்து அளவுக்கு மீறியிருந்தது.

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், அரிசியளவில் பெரும்பாலும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் கட்டி தோன்றினால், அது ஹார்மோனை மிகையாகச் சுரந்து, எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. இக்கட்டி பெரும்பாலும் புற்றுநோயன்று.

1925இல் வியன்னாவில் ஃபீலிக்ஸ் மாண்டல் என்னும் மருத்துவர், டிராம் வண்டி நடத்துநர் ஒருவருக்குச் சுரப்பி குறையென்றெண்ணி, பிறர் சுரப்பியைப் பதித்தார், பயனில்லை. பின்னர்க் கட்டியை அகற்றியபோதே வலி தணிந்தது.

பெரியம்மாவுக்கும் அறுவைக்குப்பின் வலி தணிந்தது. ஆனால் தேய்ந்து கூனிய முதுகு நிமிரவில்லை. தோட்டம் விட்டு நகர்ப்புறம் குடியேறிய நம் முதியோர் பலர், எந்த வலியையும் உழைப்பின் கூலியென்றே பொறுத்துக்கொள்கின்றனர். அவர்தம் பிள்ளைகளே, ஒருமுறை இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள், காலம் தாழ்த்தாதீர்.