இடது கைக்கு ஒரு பிஸ்டல்

துக்ளகாபாத் என்றால் எல்லோரும் கோட்டைக்குத்தான் போவார்கள். நான் போனது 1982 ஏஷியாட்டுக்காகக் கட்டிய டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சுக்கு. பத்து மீட்டர் தூரத்தில் இலக்கு. பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். சட்டைப் பித்தான் சைஸ், சாமி!

நான் இடது கைக்காரன். ஆசையாய் ஒரு ஏர் பிஸ்டலைப் பிடித்தால் மரப்பிடி உள்ளங்கையைக் குத்துகிறது. "இது ரைட் கிரிப் சார்" என்று சிரித்தார் கோச். "மோரினி, ஸ்டெயர், வால்தர் எதுலயும் லெஃப்ட் கிரிப் உண்டு. செருப்பு மாதிரி அளவு பார்த்து வாங்கணும்."

குழலும் சிலிண்டரும் நடுவில்தான். எந்தக் கைக்கும் பொது. வில்லங்கமெல்லாம் பிடியில். அது மணிக்கட்டைத் திருகினால், விசையை அழுத்தும்போது முனை நகர்ந்துவிடும். விசைக்குக் குறைந்தபட்சம் 500 கிராம் அழுத்தம் வேண்டும் என்பது விதி.

ஹங்கேரியின் காரோய் டகாச்சுக்கு 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது. இடது கையால் பழகி 1948 லண்டன், 1952 ஹெல்சின்கி இரண்டிலும் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம்! கை ஒரு பொருட்டே இல்லை.

நல்ல போட்டி பிஸ்டல் லட்ச ரூபாயைத் தாண்டும். செகண்ட் ஹேண்டில் ரைட் கிரிப்போடு வாங்கி, அரத்தால் ராவிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். மேடு பள்ளத்தை ராவலாம் சார், பக்கத்தை எப்படி ராவுவது? லெஃப்ட் கிரிப் தனியாகவே விற்கிறார்கள். அந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள்.